மைசூரு சமையலறையும் கோடை வெப்பமும்: மோர், கூழ், கோசம்பரி உதவுவது எப்படி?

கோடை என்றதும் வெயிலில் நடப்போர், கட்டடப் பணியாளர்கள், சாலையோர வியாபாரிகள் ஆகியோரே நினைவுக்கு வருகின்றனர். கூரைக்குக் கீழே எரியும் அடுப்பின் முன் நாள்தோறும் சில மணி நேரம் நிற்பவர் அந்தப் பட்டியலில் அரிதாகவே இடம்பெறுகிறார். கர்நாடக மாநிலம் மைசூருவின் வீடுகளில் மார்ச் முதல் மே வரை சமைக்கப்படும் உணவுகளைக் கவனித்தால், அவற்றில் பல இந்த வெப்பத்தைச் சமாளிக்க உருவான ஏற்பாடுகள் என்பது புலப்படும். அடுப்பு எரியும் நேரத்தைக் குறைப்பது, உடல் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்வது, கோடை வெயிலை மழைக்காலத்துக்காகச் சேமிப்பது ஆகிய மூன்றும் அவற்றின் நோக்கங்கள்.

இந்தப் பழக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு காரணத்தால் பயன் தருகின்றன. அந்தக் காரணத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. அந்த எல்லையை அறியாமல் பழக்கத்தை மட்டும் பின்பற்றினால் நன்மை குறையும், சில வேளைகளில் தீங்கும் நேரலாம்.

ஏப்ரலில் உச்சம் ஏன்?

தமிழ்நாட்டில் மே மாதத்துக் கத்திரி வெயிலே கோடையின் உச்சமாகக் கருதப்படுகிறது. மைசூருவில் நிலைமை சற்று வேறு. அங்கு ஆண்டின் வெப்பமான மாதம் பொதுவாக ஏப்ரல். மைசூரு ஏறத்தாழ 12.3 டிகிரி வட அட்சரேகையில் அமைந்துள்ளது. ஏப்ரல் மூன்றாம், நான்காம் வாரங்களில் நண்பகல் சூரியன் அந்நகருக்கு நேர் உச்சியில் வருகிறது. மே மாதம் பிறந்ததும் பிற்பகல் இடிமழை அடிக்கடி பெய்யத் தொடங்குவதால் பகல் வெப்பம் மெல்லத் தணிகிறது. மாங்காய் முற்றும் பருவத்தில் பெய்யும் இந்தக் கோடை மழையை மக்கள் மாங்காய் மழை என்று குறிப்பிடுவர்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மைசூருவில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தொடுவது அரிது. சமவெளிப் பகுதியில் வெப்ப அலை என அறிவிக்க, அதிகபட்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரியை எட்டியிருக்க வேண்டும் என்பதும், அது இயல்பைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் கூடியிருக்க வேண்டும் என்பதும் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதன்மையான அளவுகோல்கள். எனவே வேலூரோ கலபுரகியோ பெறும் எச்சரிக்கைகள் மைசூருவுக்கு எளிதில் வருவதில்லை.

ஆனால் வானிலை நிலையத்தின் வெப்பமானி நிழலில், காற்றோட்டமான கூண்டுக்குள் வைக்கப்படுகிறது. கான்கிரீட் கூரையின்கீழ், இரண்டு அடுப்புகள் எரியும் சிறிய சமையலறையின் வெப்பத்தை அது காட்டாது. முற்றமும் ஓட்டுக்கூரையும் கொண்ட பழைய மைசூரு வீடுகளில், சூடான காற்று மேலெழுந்து ஓட்டிடுக்குகள் வழியே வெளியேறியது. கான்கிரீட் கூரை பகலில் வெப்பத்தைச் சேர்த்து வைத்து இரவில் வெளியிடுகிறது. வீட்டின் மற்ற அறைகளில் மின்விசிறி சுழன்றாலும், அடுப்புச் சுடர் அலைபாயும் என்பதால் சமையலறையில் பெரும்பாலும் மின்விசிறி இருப்பதில்லை.

அடுப்பு எரியும் கணக்கு

வீட்டு எரிவாயு அடுப்புகளின் வெப்பத்திறன் குறைந்தது 68 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. அதாவது, எரியும் வாயுவின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கே பாத்திரத்துக்குச் செல்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி சமையலறைக் காற்றையும் அங்கு நிற்பவரையும் சூடாக்குகிறது.

பாத்திரத்துக்குள் சென்ற வெப்பமும் முழுமையாக உணவில் தங்குவதில்லை. ஒரு லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 300 கிலோ ஜூல் ஆற்றல் போதும். அதே ஒரு லிட்டரை முழுவதும் ஆவியாக்க 2,260 கிலோ ஜூல் வேண்டும். கொதி வந்த பிறகு சுடரைக் கூட்டி வைத்தால் பருப்பு விரைவாக வேகாது. தண்ணீர் விரைவாக ஆவியாகும், அவ்வளவே. அந்த நீராவி அறையின் ஈரப்பதத்தை உயர்த்துகிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் உடலின் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடல் குளிராது. கொதித்தவுடன் சுடரைக் குறைத்து மூடி வைப்பது எரிவாயுவை மிச்சப்படுத்துவதோடு, சமைப்பவரின் உடலையும் காக்கிறது.

மைசூருவின் உயரத்தில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பும் பயறு வகைகளும் வேகச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும். அழுத்தக் குக்கரில் கொதிநிலை ஏறத்தாழ 120 டிகிரிக்கு உயர்வதால் இந்தக் குறை நீங்குகிறது. பருப்பை முன்கூட்டியே ஊற வைத்தால் அடுப்பு எரியும் நேரம் மேலும் குறையும்.

வெப்பம் உச்சத்தில் இருக்கும் வேளையில் சமைப்பதைத் தவிர்க்குமாறும், சமையல் செய்யும் இடத்தின் கதவு, சன்னல்களைத் திறந்து வைக்குமாறும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தனது கோடைக்கால அறிவுரையில் கூறுகிறது. காலை எட்டு மணிக்குள் மதிய உணவின் அடுப்பு வேலையை முடித்துவிடும் பழைய வழக்கமும் இதையே செய்தது. எனினும் கர்நாடகத்தில் ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் மே இறுதி வரை பள்ளிகளுக்கு விடுமுறை. பிள்ளைகள் வீட்டில் இருக்கும் அந்த ஏழு வாரங்களில்தான் சமையலறைக்கு வேலை அதிகம்.

தீ வேண்டாத தட்டு

இந்த நெருக்கடிக்கு மைசூரு வீடுகள் கண்ட விடைகளுள் முதலாவது கோசம்பரி. ஊற வைத்த பாசிப்பருப்புடன் துருவிய வெள்ளரிக்காய், தேங்காய்த் துருவல், பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைக் கலந்து கடுகு தாளித்துச் சேர்க்கின்றனர். அடுப்பு எரிவது தாளிக்கும் ஒரு நிமிடம் மட்டுமே. வெள்ளரிக்காயில் ஏறத்தாழ 95 விழுக்காடு தண்ணீர் என்பதால், உணவோடு நீரும் உள்ளே செல்கிறது. உப்பும் எலுமிச்சையும் பரிமாறும் நேரத்தில்தான் சேர்க்கப்படும். முன்னதாக உப்பிட்டால் வெள்ளரி நீர் விட்டுவிடும்.

ராமநவமி அன்று கர்நாடகத்தின் கோயில்களிலும் வீதிப் பந்தல்களிலும் கோசம்பரி, பானகம், நீர்மோர் ஆகிய மூன்றும் வழங்கப்படுகின்றன. மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோ வரும் இவ்விழா கோடையின் உச்சத்தை ஒட்டியே அமைகிறது. பானகம் என்பது வெல்லம் கரைத்த நீரில் ஏலக்காய், சுக்கு, மிளகு, எலுமிச்சை சேர்த்த பானம். தமிழ்நாட்டுக் கோயில்களிலும் அது பழக்கமானதே.

அடுத்தது தம்புளி. கற்பூரவள்ளி, வல்லாரை போன்ற இலைகளைச் சீரகம், மிளகுடன் லேசாக வதக்கி, தேங்காயோடு அரைத்து, மோரில் கலந்து சோற்றுடன் உண்கின்றனர். கலந்த பிறகு அதைக் கொதிக்க வைப்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் மிகுதியாக வழங்கும் இந்த உணவு மைசூரு வீடுகளிலும் கோடையில் இடம்பெறுகிறது. பூசணி அல்லது வெள்ளரியை வேகவைத்து, அரைத்த தேங்காயும் தயிரும் சேர்க்கும் மஜ்ஜிகே ஹுளி, தமிழரின் மோர்க்குழம்புக்கு நெருங்கிய உறவு. தயிர் சேர்த்த பிறகு நீண்ட நேரம் கொதித்தால் திரிந்துவிடும் என்பதால் இதற்கும் அடுப்பு நேரம் குறைவு. மாங்காய்த் துருவலில் செய்யும் சித்ரான்னம் காலையில் வடித்த சோற்றையே மதியத்துக்கும் சுவையாக்குகிறது.

மோரும் பானகமும் உடலில் செய்வது என்ன?

கடும் வெப்பத்தில் உழைப்பவர் ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்வை இழக்கக்கூடும். வியர்வையில் நீரோடு சோடியமும் வெளியேறுகிறது. வெறும் தண்ணீரை மட்டும் ஏராளமாகக் குடித்தால் நீர் ஈடாகும், உப்பு ஈடாகாது. உப்பிட்ட நீர்மோர் இரண்டையும் தருகிறது. தயிரில் உள்ள பொட்டாசியமும் அதில் சேர்கிறது. பெருங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை ஆகியவை சுவைக்காகச் சேர்க்கப்படுகின்றன. சுவை நன்றாக இருந்தால் கூடுதலாகக் குடிக்க மனம் வரும். தாகம் குறைவாக உணரும் முதியோருக்கு இது முக்கியமான உதவி.

பானகத்தில் வெல்லத்தோடு ஒரு சிட்டிகை உப்புச் சேர்க்கும் வழக்கத்துக்கும் விளக்கம் உண்டு. சிறுகுடல் சுவரில் குளுக்கோசும் சோடியமும் ஒன்றாகவே உள்ளிழுக்கப்படுகின்றன. அவற்றைப் பின்தொடர்ந்து நீரும் உட்செல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வாய்வழி நீரேற்றுக் கரைசல் இந்த அடிப்படையில்தான் உருவானது. 2002ஆம் ஆண்டு முதல் அந்நிறுவனம் பரிந்துரைக்கும் கலவையில், ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டிய பொட்டலத்தின் எடை 20.5 கிராம். அதில் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், எஞ்சியவை பொட்டாசியம், சிட்ரேட் உப்புகள்.

ஆனால் பானகத்தை அந்தக் கரைசலுக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது. பானகத்தில் இனிப்பு மிகுதி, உப்பு குறைவு. வயிற்றுப்போக்கு ஏற்பட்டவருக்கு மிகை இனிப்பு நீரிழப்பை மேலும் கூட்டும். அத்தகைய வேளையில் மருந்தகத்தில் கிடைக்கும் பொட்டலமே சரியானது. அது கிடைக்காதபோது, ஒரு லிட்டர் சுத்தமான நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் பானகத்தையும், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பு மிகுந்த மோரையும் மருத்துவரின் ஆலோசனைப்படியே அருந்த வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான வரம்பு.

மைசூருவை அடுத்த மண்டியா மாவட்டத்தின் மத்தூரில் இளநீருக்கென்றே பெரிய சந்தை இயங்குகிறது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் இழப்பது பெரிதும் சோடியம் என்பதால், வெயிலில் நெடுநேரம் உழைத்தவருக்கு இளநீரோடு உப்பிட்ட உணவும் தேவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியம் மிகுந்த இளநீரைத் தவிர்க்க நேரிடலாம். அவர்களும் மருத்துவரைக் கேட்பது நல்லது.

இரவில் காய்ச்சிக் காலையில் பருகும் ராகி

மைசூரு, மண்டியா, சாமராஜநகர் மாவட்டங்களின் அன்றாட தானியம் ராகி. நாட்டில் ராகி மிகுதியாக விளையும் மாநிலம் கர்நாடகம். இந்நிலத்தின் உணவுப் பெருமிதத்தில் ராகிக்கு நீண்ட இடம் உண்டு. கனகதாசர் இயற்றிய ‘ராமதான்ய சரிதே’ என்ற கன்னடக் காவியத்தின் பொருளே நெல்லுக்கும் ராகிக்கும் இடையே எழும் வாதம்தான்.

களியாகக் கிண்டி உண்ணும் ராகி முத்தே ஆண்டு முழுவதும் இடம்பெறுகிறது. கோடையில் அம்பலி முன்னுக்கு வருகிறது. ராகி மாவை நீரில் கரைத்துக் காய்ச்சி, ஆறவைத்து, மோர், உப்பு, நறுக்கிய வெங்காயம் சேர்த்துப் பருகுவது அம்பலி. தமிழ்நாட்டின் கேழ்வரகுக் கூழை இது பெரிதும் ஒத்தது. முந்தைய இரவே காய்ச்சி வைப்பதால், அடுப்பு எரியும் நேரம் பகலிலிருந்து குளிர்ந்த வேளைக்கு மாறிவிடுகிறது. காலையில் ஒரு செம்பு அம்பலி குடித்து வயலுக்குச் செல்பவருக்கு நீர், உப்பு, மாவுச்சத்து ஆகியவை ஒரே கலத்தில் கிடைக்கின்றன. ராகியின் 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. இது அரிசியில் உள்ளதைப்போல் பல மடங்கு. புளிக்க வைக்கும்போது, தாதுச்சத்துகள் உடலில் சேர்வதைத் தடுக்கும் பைட்டேட் என்ற பொருள் குறைகிறது.

புளிப்பு எங்கே முடிந்து கேடு எங்கே தொடங்குகிறது?

கோடையில் சமையலறை எதிர்கொள்ளும் பெரிய ஆபத்து உணவு கெடுவது. நுண்ணுயிரிகள் விரைவாகப் பெருகும் வெப்பநிலை 5 முதல் 60 டிகிரி வரை என்றும், சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. 34 டிகிரி நிலவும் ஏப்ரல் சமையலறை அந்த வரம்பின் நடுவில் இருக்கிறது.

இட்லி, தோசை மாவைப் புளிக்கச் செய்வது லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிரிகள். குளிர்காலத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் எடுக்கும் மாவு, கோடையில் ஆறு அல்லது ஏழு மணி நேரத்தில் பொங்கிவிடும். உப்பு இந்த நுண்ணுயிரிகளின் வேகத்தைக் குறைக்கும். எனவே கோடையில் அரைத்தவுடனே உப்புச் சேர்ப்பதும், இரவு தாமதமாக அரைப்பதும், பொங்கியதும் குளிர்பெட்டியில் வைப்பதும் பொருத்தமானவை. தயிருக்கு உறைமோரின் அளவைக் குறைத்து, பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்பதும் இதே காரணத்தால்தான்.

மிச்சச் சோறு வேறு வகை. அரிசியில் இயல்பாகவே காணப்படும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் கொதிநீரிலும் அழிவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உருவாக்குகின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. காலையில் வடித்த சோற்றை இரவில் சூடுபடுத்தி உண்பது பாதுகாப்பு என்ற எண்ணம் இதனால்தான் தவறு.

அப்படியெனில் தண்ணீர் ஊற்றிய பழைய சோறு எவ்வாறு உண்ணப்படுகிறது என்ற கேள்வி எழும். நீரில் மூழ்கிய சோற்றில் லாக்டிக் நுண்ணுயிரிகள் பெருகி அமிலத்தன்மையைக் கூட்டுகின்றன. அமிலம் கூடும்போது கேடு செய்யும் பல நுண்ணுயிரிகளின் வளர்ச்சி தடைபடுகிறது. சோறு நன்கு ஆறியபின் சுத்தமான நீர் ஊற்றி, சுத்தமான கலத்தில், ஓர் இரவு மட்டும் வைத்தால் அந்தப் போட்டியில் நல்லவை வெல்வதற்கு வாய்ப்பு அதிகம். இரவும் புழுக்கமாக இருக்கும் கான்கிரீட் வீட்டில், ஐயத்துக்குரிய நீரில், மறுநாள் மதியம் வரை வைத்தால் அந்த உறுதி இல்லை. வழவழப்போ கெட்ட வாடையோ தென்பட்டால் தயங்காமல் கொட்டிவிட வேண்டும்.

பயணத்துக்கு எடுத்துச் செல்லும் தயிர்ச் சோற்றில் பாலை மிகுதியாகவும் தயிரை ஒரு கரண்டியாகவும் சேர்ப்பது, உண்ணும் வேளையில் புளிப்பு அளவாக இருப்பதற்காக. ஆனாலும் அது சில மணி நேரத்துக்கே ஏற்றது. புளியோகரை அதைவிட நீடிக்கும். தமிழ் பேசும் ஐயங்கார் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் மேல்கோட்டை இந்த உணவுக்குப் பெயர் பெற்றது. புளியின் அமிலமும், எண்ணெயில் வதங்கி நீர் குறைந்த காய்ச்சலும் அதன் பாதுகாப்புக்குக் காரணங்கள்.

மொட்டைமாடியில் சேமிக்கும் வெயில்

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மைசூருவின் மொட்டைமாடிகளில் துணி விரித்துச் சண்டிகே காய வைப்பதைக் காணலாம். சண்டிகே என்பது தமிழரின் வடாம், வடகம் வகை. அரிசிக் கூழில் செய்வது, நெற்பொரியில் செய்யும் அரளு சண்டிகே, சாம்பல் பூசணியைத் துருவிச் செய்வது எனப் பல வகைகள் உள்ளன. அப்பளமும் மோர் மிளகாயும் அவற்றோடு காய்கின்றன. மே மாத இடிமழை தொடங்கும் முன்பே இந்த வேலை முடிய வேண்டும். காற்றில் ஈரம் ஏறினால் வெயில் அடித்தாலும் உள்ளீரம் போகாது.

உலர்த்தலின் அறிவியல் எளியது. நுண்ணுயிரிகள் வளரத் தேவைப்படும் கட்டற்ற நீரை ‘நீர்ச் செயல்பாடு’ என்ற அளவால் குறிப்பர். தூய நீருக்கு அது 1. அது 0.6க்குக் கீழே இறங்கினால் எந்த நுண்ணுயிரியும் பெருக முடியாது. உடைத்தால் ‘சடக்’ என ஒலிக்கும் சண்டிகே அந்நிலையை எட்டியிருக்கும். வளைந்தால் மற்றொரு நாள் வெயில் தேவை. மாங்காய் ஊறுகாயில் உப்பு நீரைக் கட்டிவைக்கிறது, மாங்காயின் புளிப்பு அமிலத்தைத் தருகிறது, மேலே நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுக்கிறது. ஈரக் கரண்டி ஒன்று உள்ளே சென்றால் இம்மூன்று தடைகளும் ஒரே இடத்தில் பலவீனமாகின்றன.

இதே கொள்கைகளில் செயல்படும் இரண்டு தேசிய ஆய்வகங்கள் மைசூருவிலேயே உள்ளன. மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1950 அக்டோபர் 21 அன்று செலுவாம்பா மாளிகையில் தொடங்கப்பட்டது. பாதுகாப்புத் துறையின் உணவு ஆராய்ச்சி ஆய்வகம் 1961இல் நிறுவப்பட்டது. பாலைவனத்திலும் பனிமலையிலும் பணியாற்றும் வீரர்களுக்குக் கெடாத உணவை உருவாக்குவது அதன் பணி. ககன்யான் விண்வெளித் திட்டத்துக்கான உணவுத் தயாரிப்பிலும் அந்த ஆய்வகம் ஈடுபட்டுள்ளது. நீரைக் குறைத்தல், அமிலம் சேர்த்தல், வெப்பத்தால் நுண்ணுயிரிகளை அழித்தல், காற்றுப் புகாமல் அடைத்தல் ஆகியவற்றை அளந்து செய்வது ஆய்வகம். அவற்றுள் சிலவற்றைக் கைப்பக்குவத்தால் செய்வது வீடு.

எல்லாவற்றுக்கும் அடிப்படை தண்ணீர்

மைசூரு நகரின் குடிநீர் காவிரி, கபினி ஆறுகளிலிருந்து வருகிறது. நகருக்கு அருகே உள்ள கிருஷ்ணராஜசாகர் அணையின் முழு நீர்மட்டம் 124.80 அடி, கொள்ளளவு 49.45 டிஎம்சி. 2023இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தபோது, கர்நாடகத்தின் 236 வட்டங்களில் 223 வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2024 கோடையில் பெங்களூரு கடும் குடிநீர்த் தட்டுப்பாட்டைச் சந்தித்தது. அவ்வாண்டு மேட்டூர் அணையும் வழக்கமான ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் திறக்கப்படவில்லை.

தண்ணீர் குறையும்போது அதன் தரமும் குறைகிறது. 2024 மே மாதம் மைசூரு அருகே உள்ள கே. சாலுண்டி கிராமத்தில் மாசடைந்த நீரைப் பருகியதாகக் கூறப்படும் பலர் வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டனர், ஓர் இளைஞர் உயிரிழந்தார். தீயின்றிச் செய்யும் உணவுகளுக்கு இந்நிகழ்வு ஓர் எச்சரிக்கை. கோசம்பரி, நீர்மோர், பானகம், அம்பலியில் சேர்க்கும் மோர் ஆகிய எதிலும் கடைசியாகக் கலக்கும் நீர் கொதிப்பதில்லை. அடுப்பை மிச்சப்படுத்தும் உணவு எதுவாயினும், அதில் சேரும் நீரை முன்கூட்டியே காய்ச்சி ஆறவைத்திருக்க வேண்டும். இரவில் காய்ச்சி மண்பானையில் ஊற்றி வைத்தால் காலைக்குள் குளிர்ந்துவிடும். பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மைசூருவின் உலர்ந்த மார்ச், ஏப்ரல் காற்றில் இது நன்றாக வேலை செய்யும். கடலோரப் புழுக்கத்தில் பலன் குறைவு.

அடுப்பருகே நிற்பவர்

2019ஆம் ஆண்டு நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிடுகின்றனர். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்களின் சராசரி 97 நிமிடங்கள். மொட்டைமாடி வெயிலில் சண்டிகே பிழிவது, அதிகாலையில் எழுந்து சமைப்பது, இரவில் அம்பலி காய்ச்சுவது ஆகிய அனைத்தும் பெரும்பாலும் இந்த நேரத்துக்குள் அடங்குபவை. ஆகவே கோடைச் சமையலைப் பாரம்பரியம் என்று போற்றுவதோடு, அந்த வேலையின் சுமையைப் பகிர்வதும் அவசியமாகிறது. சில எளிய மாற்றங்கள் உதவும். வெப்பக் காற்றை வெளியேற்றும் விசிறி, ஒரு வேளையாவது தீயற்ற உணவு, தேங்காய் துருவுதல், காய் நறுக்குதல் போன்றவற்றைச் சமையலறைக்கு வெளியே விசிறியின்கீழ் செய்தல், சமைப்பவர் தாகம் எடுக்கும் முன்பே நீர் பருகுதல் ஆகியவை அவற்றுள் சில.

கர்ப்பிணிகள், முதியோர், இதய நோயாளிகள் ஆகியோர் அடுப்பருகே நெடுநேரம் நிற்பதைத் தவிர்க்க வேண்டும். தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, மிகை வியர்வை ஆகியவை வெப்பச் சோர்வின் அறிகுறிகள். உடனே அடுப்பை அணைத்துக் குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்து, உப்புக் கரைசல் கொடுக்கலாம். உடல் வெப்பம் 40 டிகிரியைக் கடந்து, பேச்சுக் குழறலோ நினைவுத் தடுமாற்றமோ காணப்பட்டால் அது வெப்பத்தாக்கு, உயிருக்கு ஆபத்தான நிலை. அப்போது வாயில் எதையும் ஊற்றாமல், உடலை நீரால் நனைத்து விசிறியபடி 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.

ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வந்து சேரும்போது மைசூருவின் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். அதன்பின் சண்டிகே டப்பாக்கள் திறக்கப்பட்டு, கோடையில் காய்ந்தவை மழைக்கால மாலைகளில் எண்ணெயில் பொரியும்.